தோமையார் பஸ்ஸில் தலை எண்ணிய விதம்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பேரை வளர்த்தேன். மூன்று நான் பெற்றவை; இரண்டு என் தங்கை என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடியவை. கருட சேவைக் கூட்டத்திலும் மாதா தேர்த் திருவிழாவிலும் அந்த ஐந்தையும் இழுத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். ஒன்றைக்கூடத் தொலைத்ததில்லை. நான் தொலைத்தது பஸ் வேலையில்தான். அதுவும் சின்னக் குழந்தையை இல்லை, அறுபத்தாறு வயதுப் பெரிய மனுஷியை.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று நம் டிராவல்ஸ் ஆபீசில் கேட்டார்கள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் போர்டு படிக்கத் தெரியும். அதற்கு மேல் எழுத்து என்னோடு வரவில்லை. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். 'ஆயா, இப்படி எழுதினா நல்லா இருக்காது' என்று நடுவில் திருத்துகிறாள். திருத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் யார் யார் என்ன பேசினார்களோ, அதை மட்டும் பேசினபடியே போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

பத்தொன்பது வருஷம் தோமையார் யாத்திரை பஸ்ஸோடு போனேன். போன தவக்காலத்தோடு முழங்கால் 'போதும்' என்றது, நிறுத்திக்கொண்டேன். ஆண்டவரின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவர் தோமையார். கப்பலேறி வந்து கொடுங்கல்லூர்க் கரையில் இறங்கி, மலையாள தேசமெல்லாம் நடந்து, தெற்கே போய், அப்புறம் கிழக்கே நம் பக்கம் வந்து பரங்கிமலையில் ஈட்டி குத்துப்பட்டு உயிர்விட்டார் என்று நம் பெரியவர்கள் சொல்லிவந்தார்கள். அவர் வருஷக்கணக்கில் நடந்த வழியை நாம் ஆறு நாளில் பஸ்ஸில் சுற்றிவிட்டு, இடுப்பு வலிக்கிறது என்கிறோம்.

எந்த ஊரில் எந்த ரூம், எங்கே சாப்பாடு, எந்தக் கோவிலில் எத்தனை மணிக்குப் பூசை, இதெல்லாம் ஆபீசில் சொல்லிக் கொடுப்பார்கள். நான் சொல்லப் போவது தலை எண்ணுவதைப் பற்றி மட்டும்தான். இதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் ஓர் உபதேசியார். பல ஊர்க் கோவில்களில் ஜெபம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். மெலிந்த உடம்பு, பெரிய குடை. அவர் பஸ் கிளம்பும் முன் முன்சீட்டிலிருந்து கடைசிச் சீட்டு வரை நடந்து, ஒவ்வொருவர் தோளிலும் கை வைத்து எண்ணுவார். தூங்குகிறவரை எழுப்பிவிடுவார். கோபக்காரர்கள் தோளைக் குலுக்குவார்கள், விடமாட்டார். நான் சேர்ந்த முதல் வருஷம் கேட்டேன்.

"இன்னாத்துக்கு அய்யா எல்லாரையும் தொடறீங்க? கண்ணாலயே எண்ணிடலாமே?"

"கண்ணு சீட்டை எண்ணும்மா. கையிதான் ஆளை எண்ணும்" என்றார்.

கேட்டுக்கொண்டேன். அவர் போன பிறகு நாலைந்து வருஷம் அப்படியே செய்தேன். அப்புறம் எனக்குப் புத்தி கூடிப் போனது.

நான் பத்து வயதிலிருந்து தறியில் உட்கார்ந்தவள். நம் காஞ்சிபுரத்துப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்றால் ஒருவர் தனியாக நெய்ய முடியாது. நெய்கிறவர் ஒரு பக்கம், கரை வாங்குகிறவர் மறுபக்கம். இவர் ஊடை நூல் வைத்த நாடாவைத் தள்ளினால் அவர் வாங்கித் திருப்பித் தள்ள வேண்டும். அதைத்தான் கோர்வை என்போம். அந்தப் பக்கத்து ஆள் எழுந்து போய்விட்டால் நாடா திரும்பி வராது. இந்தப் பக்கத்து ஆளுக்கு உடனே தெரிந்துவிடும். இதை யோசித்துத்தான் பஸ்ஸுக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லோரையும் ஜோடி ஜோடியாக உட்கார வைப்பது. உன் ஜோடிக்கு நீ பொறுப்பு, உனக்கு அவர் பொறுப்பு. கிளம்பும்போது நான் முன்னால் நின்று "ஜோடி?" என்று குரல் கொடுப்பேன். ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒருவர் "இருக்குது!" என்று சொல்ல வேண்டும். நாற்பத்திரண்டு பேர் என்றால் இருபத்தொரு 'இருக்குது'. முடிந்தது. நடக்க வேண்டாம், தொட வேண்டாம், தூங்குகிறவரை எழுப்ப வேண்டாம்.

ஆபீசில் என்னைப் புகழ்ந்தார்கள். பங்குச்சாமியார் பூசைப் பிரசங்கத்திலேயே சொன்னார். படிக்காத பொம்பளைக்கு எவ்வளவு மூளை பாருங்கள் என்று வாலாஜாபாத் வரை பேச்சு. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அந்த 'இருக்குது' இருபத்தொரு தடவை கேட்கும்போது எனக்குக் கோவில் மணி அடிக்கிற மாதிரி இருக்கும்.

இப்போது அந்த இரண்டு பேருக்கு வருகிறேன். அந்தோணியம்மா சின்ன காஞ்சிபுரத்துக்காரி. வீட்டுக்காரர் நெய்வார், நாற்பது வருஷமாக அவருக்கு மறுபக்கம் கரை வாங்குகிறவள் இவள்தான். ரோசம்மா வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்டவள். அந்தோணியம்மாவின் வீட்டுக்காரருக்குக் கூடப் பிறந்த தங்கை. ஆக, அண்ணியும் நாத்தனாரும். அப்போது இரண்டு பேரும் பேசி எட்டு வருஷம் ஆகியிருந்தது.

காரணம் ஒரு புடவை. ரோசம்மா மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீராக அந்தோணியம்மாவும் வீட்டுக்காரரும் உட்கார்ந்து தங்கள் கையாலேயே ஒரு முகூர்த்தப் புடவை நெய்தார்கள். அரக்கு உடல், பச்சைக் கரை. கல்யாண மண்டபத்தில் நாலு பேர் பிரித்துப் பார்த்தபோது ரோசம்மா, "அழகாத்தான் இருக்குது, ஆனா கரை ஒரு எடத்துல நேரா நிக்கலியே அண்ணி" என்றுவிட்டாள். மற்ற ஊரில் அது ஒரு பேச்சே இல்லை. நம் ஊரில் கரை வாங்கினவளைப் பார்த்து, நாலு பேருக்கு முன்னால், கரை நேராக நிற்கவில்லை என்று சொல்வது கன்னத்தில் அறைவது. அந்தோணியம்மா பந்தியில் உட்காராமல் போனவள்தான். அதற்கப்புறம் எட்டு வருஷம், செத்த வீட்டில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஏதாவது அவசியம் என்றால் "அவங்ககிட்ட சொல்லு", "அவளாண்ட கேளு" என்று மூன்றாம் ஆள் வழியாகத்தான்.

அந்த வருஷ யாத்திரைக்கு இரண்டு பேருமே பெயர் கொடுத்தார்கள். ஒருத்தி வருவது இன்னொருத்திக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு பேரையும் ஒரே சீட்டில் ஜோடியாகப் போட்டேன்! ஆறு நாள் பக்கத்தில் உட்கார்ந்தால் பேசாமலா போவார்கள், நாமே சேர்த்து வைத்த புண்ணியம் நமக்கு வரட்டும் என்று ஆசை. பெருமை தலைக்கேறினவள் இரண்டு வேலையை ஒன்றாகச் செய்யப் பார்ப்பாள்.

பஸ்ஸில் ஏறினதும் ரோசம்மா என்னிடம் வந்தாள்.

"இன்னாக்கா, வேற எடமே கெடைக்கலியா உனுக்கு?"

"பஸ் ஃபுல்லுமா."

"டிரைவர் பக்கத்துல ஸ்டூல் போட்டாக்கூட உக்காந்துக்குவேன்."

"தோமையார் கப்பல்ல யார் யாரு பக்கத்துலயோ உக்காந்துதான் வந்தாரு. போய் உக்காரு."

அந்தோணியம்மா போய் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டாள். இவள் நடைவழிப் பக்கம் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தோணியம்மாவின் நீலப் பை. அது ஒரு சுவர். நான் "ஜோடி?" என்றால் ரோசம்மா நேராக முன்கண்ணாடியைப் பார்த்தபடி "இருக்குது" என்பாள். கொடுங்கல்லூரில் அப்படி. பாலையூரில் அப்படி. மூன்றாம் நாள் மலையாற்றூரிலும் அப்படி.

மலையாற்றூரில் தோமையார் ஜெபம் பண்ணின மலை இருக்கிறது. வெறுங்காலோடு ஏறுவது நம் ஜனங்களுக்கு வழக்கம். அடிவாரத்தில் செருப்பைக் குவித்துவிட்டு விடியலிலேயே ஏறினோம். மாகறல்காரர் ஒருவர் பாதி வழியில் பாறைமேல் உட்கார்ந்து, "தோமையார் என்னை மன்னிச்சிடுவாரு, நான் இங்கயே ஜெபம் பண்றேன்" என்று சொல்லிவிட்டார். மற்றவர்கள் ஏறி இறங்கினோம். அடிவாரத்தில் சாப்பாடு. சாப்பிட்டுக் கை கழுவி, பஸ் ஏறி, "ஜோடி?" என்றேன். இருபத்தொரு 'இருக்குது' வந்தது. டிரைவரிடம் போகலாம் என்றேன். சாயங்காலம் தெற்கே ஒரு கோவிலில் எங்களுக்காகப் பூசை சொல்லியிருந்தார்கள்.

ஒரு மணி நேரம் போயிருப்போம். டீக்கு நிறுத்தினோம். கடையில் நல்ல நேந்திரம்பழம் இருந்தது. ஆளுக்கு ஒன்று என்று நாற்பத்திரண்டு எண்ணி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக்கொண்டே போனேன். கால் வலியால் வெளியே இறங்காதவர்களுக்கு உள்ளே, டீ குடிக்கிறவர்களுக்கு ஜன்னல் வழியாக. கடைசியில் என் கையில் ஒரு பழம் மிச்சம். கடைக்காரர் கூட ஒன்று போட்டுவிட்டார் போல, நல்ல மனுஷன் என்று நினைத்து உரிக்க ஆரம்பித்தேன். பாதி உரித்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. வாங்கும்போது நானே கையால் எண்ணினேனே; அந்தோணியம்மா கையில் கொடுத்த நினைவே இல்லை.

ரோசம்மா சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். மடியில் அவள் பழம்.

"ரோசம்மா, உன் ஜோடி எங்கே?"

"இருக்குது" என்றாள், முன்கண்ணாடியைப் பார்த்தபடி.

"திரும்பிப் பாரு."

"இன்னாத்துக்கு?"

"திரும்பிப் பாருன்னு சொல்றேன்ல."

எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பக்கம் கழுத்தைத் திருப்பினாள். ஜன்னல் ஓரம், மலை ஏறும் முன் அவள் தன் இடத்தில் வைத்துவிட்டுப் போன நீலப் பை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதன்மேல் அந்தோணியம்மாவின் துண்டு போர்த்தியிருந்தது. ஓரக்கண்ணுக்கு ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் இருக்கும்.

ரோசம்மா துண்டை இழுத்துப் பார்த்தாள்.

"மலையிலயா?" என்றாள். "அக்கா, அவங்க சோறு துன்னவே வரலியே. என்னோட உக்காரப் பிடிக்காம வேற பக்கம் உக்காந்து துன்றாங்கன்னு இல்ல நெனச்சேன்."

"நீ பாக்கலியா?"

"நான் எங்கே பாக்கறேன்?" என்று அழ ஆரம்பித்தாள். அப்புறம் அவள் சொன்னதுதான் என்னை உலுக்கியது. "காலைல சுகர் மாத்திரை போட்டாங்க. ரெண்டு இட்லிதான் துன்னாங்க. அதோட மலை ஏறி எறங்கியிருக்காங்க. வெறும் வயித்துல இருந்தா அவங்களுக்கு மயக்கம் வந்துடும்கா. ஒருவாட்டி தறியிலயே சாஞ்சிட்டாங்க."

நீலப் பையைத் திறந்தேன். உள்ளே போன், மாத்திரை, பர்ஸ், பிஸ்கட் பொட்டலம். எல்லாம் எங்களிடம் இருந்தது. அந்தோணியம்மா மட்டும் இல்லை. பாஷை தெரியாத ஊரில், வெறும் வயிற்றோடு, கையில் ஒன்றும் இல்லாமல்.

விஷயம் பஸ் முழுக்கப் பரவியது. பிள்ளைகளே, இந்த நேரத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். டிரைவர், "அக்கா, ஏறுங்க, வண்டியத் திருப்பிடறேன்" என்று சாவியைத் திருகினார். இரண்டு பேர் ஜெபமாலையை எடுத்து முட்டி போட்டுவிட்டார்கள். ஒருவர் போலீசுக்குப் போன் பண்ணச் சொன்னார். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பூசை போயிடுமே. ஒருத்தருக்காக நாப்பது பேரும் திரும்பணுமா?" என்றார்.

நான் என்ன செய்தேன்? பஸ் படியில் உட்கார்ந்தேன். பாதி உரித்த பழம் கையில். வாயை மூடிக்கொண்டேன். ஒரு வீட்டில் குழந்தையைக் காணோம் என்றால் முதலில் ஓடுகிறவள் தப்பான பக்கம்தான் ஓடுவாள். ஐந்து வளர்த்ததில் எனக்கு அது தெரியும்.

யோசித்தேன். அந்தோணியம்மா இப்போது எங்கே இருப்பாள்? பஸ்ஸைத் தேடி ரோட்டில் நடந்திருப்பாளா, வேறு பஸ் ஏறியிருப்பாளா? வேறு யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள். இவள் நாற்பது வருஷம் தறிக்கு மறுபக்கம் உட்கார்ந்தவள். நெய்கிறவர் தண்ணி குடிக்கப் போனாலும், பேசப் போனாலும், கரை வாங்குகிறவள் தன் இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டாள். எழுந்தால் இழை அறுந்துவிடும் என்று பழக்கம். பஸ் எங்கே நின்றதோ அங்கேதான் இருப்பாள். அதனால் அவளைத் தேட வேண்டியதில்லை. அவள் வயிற்றுக்கு உடனே ஏதாவது போக வேண்டும். அதுதான் அவசரம். பஸ்ஸைத் திருப்பினால் மலையடிவாரம் போய்ச் சேரவே ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் அவள் விழுந்துவிட்டால்?

என் போனை எடுத்தேன். போனில் வருகிற இங்கிலீஷ் பெயர் எனக்குப் படிக்க வராது என்பதால் என் மகன் ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு படம் வைத்துக் கொடுத்திருந்தான். எந்த ஊர் போனாலும் அங்கே ஒரு மனுஷியைச் சிநேகம் பிடித்து நம்பர் வாங்கிக்கொள்வது என் வழக்கம். மலையாற்றூர் அடிவாரத்தில் எலுமிச்சை சோடா விற்கும் ஒரு சேச்சி இருக்கிறாள். அவளுக்கு எலுமிச்சம்பழப் படம். அழுத்தினேன். எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை. ரோசம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் தடவை எடுத்தாள்.

எனக்கு மலையாளம் பாதி, அவளுக்குத் தமிழ் பாதி. இரண்டு பாதியையும் ஒட்டி விஷயத்தைச் சொன்னேன். பஸ் நின்ற இடத்தில், மாமரத்தடியில், காப்பிக்கலர் புடவை, காஞ்சிபுரத்து அம்மா, சர்க்கரை வியாதி, எலுமிச்சை ஜூஸில் உப்பு போடாதே, சர்க்கரை போடு, நிறையப் போடு. அவள் போனைக் காதில் வைத்தபடியே ஓடினாள். அவள் மூச்சு எங்களுக்குக் கேட்டது. போனை எல்லோரும் கேட்கிற மாதிரி வைத்திருந்தேன்.

"இவிடெ உண்டு, இவிடெ உண்டு!" என்று கத்தினாள். இங்கேதான் இருக்கிறாளாம். அப்புறம் குரல் மாறியது. அம்மா ரொம்ப வேர்க்கிறாள், கை நடுங்குகிறது, டம்ளரைத் தள்ளிவிடுகிறாள், குடிக்கமாட்டேன் என்கிறாள் என்றாள்.

"அவங்க காதுல போனை வை" என்றேன். "அந்தோணி, நான்தான் பேசறேன். அதைக் குடிம்மா."

"வேணாம்" என்று தூரத்திலிருந்து ஒரு குரல். தலை சுற்றுகிறவர்கள் குழந்தை மாதிரி அடம் பிடிப்பார்கள். "நான் இங்கயே உக்காந்துக்கினு இருக்கேன். வண்டி வரட்டும்."

"வண்டி வரும். நீ முதல்ல குடி."

"வேணாம்."

என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள் ரோசம்மா.

"அண்ணி!"

பஸ்ஸில் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தோம்.

"அண்ணி, நான் ரோசம்மா. வாயத் தொற. குடி."

அப்புறம் மடக் மடக்கென்று ஒரு சத்தம். நாற்பது பேரும் ஒரு கிழவி ஜூஸ் குடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

"குடிச்சிட்டேன்."

"முழுசா?"

"முழுசா."

"இனிக்குதா?"

"பாயசமாட்டம் இனிக்குது. இன்னாத்துக்கு இவ்ளோ சர்க்கரை கொட்டியிருக்கா?"

அந்தக் குறையைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது. குறை சொல்கிற மனுஷிக்கு மயக்கம் வராது.

ரோசம்மா விடவில்லை. "சோறு துன்னாம எங்க போனீங்க நீங்க? யாராண்டயும் சொல்லாம?"

"யாராண்ட சொல்றது? நீதான் என் ஜோடி. உன்னாண்ட நான் பேசறதில்லையே."

"இப்ப சொல்லுங்க. எங்க போனீங்க?"

"உன் செருப்பைத் தேடிக்கினு."

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் குனிந்து ரோசம்மாவின் காலைப் பார்த்தோம். வெறுங்கால். மலையிலிருந்து இறங்கினபோது குவியலில் அவள் செருப்பு இல்லை. யாரோ தட்டிவிட்டோ மாற்றிப் போட்டுக்கொண்டோ போயிருக்கிறார்கள். யாரிடமும் சொல்லாமல் வீம்பாக வெறுங்காலோடு பஸ் ஏறியிருக்கிறாள். பக்கத்தில் இருந்த நாங்கள் யாரும் பார்க்கவில்லை. பேசாத அண்ணி பார்த்திருக்கிறாள். எல்லோரும் சாப்பிடப் போனபோது இவள் திரும்பிப் போய் ஒவ்வொரு குவியலாகக் கிளறியிருக்கிறாள்.

"கெடைச்சுதா?" என்றாள் ரோசம்மா.

"ஒண்ணு கெடைச்சுது. இன்னொண்ணு தேடறதுக்குள்ள வண்டி பூட்டுது."

சிரித்துவிட்டோம். ரோசம்மா அழுதுகொண்டே சிரித்தாள். முட்டி போட்டவர்கள் எழுந்தார்கள்.

அடுத்த முடிவு. டிரைவர் மறுபடியும் சாவியில் கை வைத்தார். வேண்டாம் என்றேன். முட்டி வலிக்காரர்கள் பத்துப் பேர், காலையில் மலை ஏறினவர்கள். இவர்களை மறுபடி குலுக்கி இழுத்துக்கொண்டு போனால் இன்னும் இரண்டு பேர் படுப்பார்கள். டீக்கடைக்காரரிடம் கேட்டு ஒரு கார் பிடித்தேன். பக்கத்திலேயே ஒரு சின்னக் கோவில் இருந்தது. எல்லோரும் அங்கே நிழலில் உட்காருங்கள், நாங்கள் வரும்வரை ஒருவர்கூட நகரக் கூடாது என்றேன்.

வாத்தியார், "அப்ப பூசை?" என்றார்.

"தொண்ணூத்தொன்பது ஆட்டை விட்டுட்டு ஒண்ணைத் தேடிப் போன கதைய நீங்கதானே சார் பசங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க? மீதி ஆடுங்கல்லாம் அன்னிக்குப் பூசைக்கா போச்சு?"

வாத்தியார் சிரித்துவிட்டார். நல்ல மனுஷன். அவரே எல்லோரையும் கோவிலுக்கு அழைத்துப் போய், ஜெபம் சொல்லி, பாட்டுப் பாட வைத்திருக்கிறார். நாங்கள் திரும்பியபோது அந்த ஊர் ஜனங்களும் கூட உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். தெற்கேயிருந்த கோவில் சாமியார் மறுநாள் காலையில் எங்களுக்குப் பூசை வைத்தார். ஒன்றும் குடி முழுகவில்லை.

காரில் ரோசம்மாவும் நானும் போனோம். மாமரத்தடியில் சோடாக்கடை ஸ்டூல் போட்டு அந்தோணியம்மாவை உட்கார வைத்திருந்தார்கள். சுற்றிலும் ஐந்தாறு மலையாளத்துப் பெண்கள். இவள் இலை போட்டுச் சோறு தின்றுகொண்டிருந்தாள். மடியில் ஒற்றைச் செருப்பு. ரோசம்மா காரிலிருந்து இறங்கி வெறுங்காலோடு ஓடினாள். கட்டிப்பிடிப்பார்கள் என்று நினைப்பீர்கள். நம் ஜனங்கள் அப்படியெல்லாம் செய்வார்களா?

"இந்தப் பிஞ்ச செருப்புக்கா இவ்ளோ பாடு?"

"கழட்டும்போதே பத்திரமா வெச்சிருந்தா நான் ஏன் தேடறேன்?"

"வாயத் தொடைங்க. மோரு ஒழுகுது."

முந்தானையால் அவளே துடைத்துவிட்டாள்.

பஸ்ஸுக்குத் திரும்பினதும் நான் எல்லோருக்கும் முன்னால் நின்று சொன்னேன். தப்பு ரோசம்மாவுடையது இல்லை. என்னுடையது. பேசாத இரண்டு பேரை ஒருவருக்கொருவர் காவலாகப் போட்டேன். எனக்குக் கால் வலிக்கக் கூடாது என்று என் வேலையை இன்னொருத்தர் வாயில் விட்டேன். தறியில் நாடா திரும்பி வருவதைக் கையால் வாங்கித்தான் தெரிந்துகொள்கிறோம். அந்தப் பக்கத்து ஆள் 'இருக்கேன்' என்று சொல்வதை வைத்து யாரும் நெய்வதில்லை. கோர்வையைப் பஸ்ஸுக்குக் கொண்டுவந்தவள் அதில் முக்கியமானதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இதை நாற்பத்திரண்டு பேருக்கு முன்னால் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். சொல்லிவிட்டு, முன்சீட்டிலிருந்து கடைசிச் சீட்டு வரை நடந்து, ஒவ்வொருவர் தோளிலும் கை வைத்து எண்ணினேன். யாரும் தோளைக் குலுக்கவில்லை. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. பாதி உரித்துக் கறுத்துப் போன அந்தப் பழத்தை அந்தோணியம்மா கையில் கொடுத்தேன்.

"இன்னாக்கா, எல்லாருக்கும் நல்ல பழம், எனக்கு மட்டும் இதா?" என்றாள்.

அதற்கப்புறம் இருந்த நாட்களில் அவர்கள் இரண்டு பேரும் எட்டு வருஷப் பேச்சையும் பேசி முடித்தார்கள். சுற்றி நாலு சீட்டுக்குத் தூக்கம் இல்லை. கடைசி நாள் பரங்கிமலைப் படியில் ஏறும்போது எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். ரோசம்மா காலில் நாகர்கோவிலில் வாங்கின புதுச் செருப்பு. அதைக் கழற்றி அண்ணியின் நீலப் பைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

"சத்தியமாச் சொல்லு. கரை நேராத்தானே இருந்துது?"

"ஒரு எடத்துல மட்டும் நிக்கலை அண்ணி."

"தோமையார் மலையில நின்னுக்கினு பொய் சொல்றே."

"அதனாலதான் உண்மையச் சொல்றேன்."

"ஊருக்குப் போயி புடவையப் பிரிப்போம். வெரல வெச்சுப் பாத்துடலாம்."

பிரித்துப் பார்த்தார்களாம். யார் ஜெயித்தார்கள் என்று இரண்டு பேருமே இன்று வரை எனக்குச் சொல்லவில்லை.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் கையில் போன் இருக்கிறது. வாட்ஸ்அப் குரூப் போட்டிருக்கிறீர்கள். கிளம்பும்போது எல்லோரும் கட்டைவிரல் படம் போட்டால் வண்டி எடுக்கலாம் என்று ஆபீசில் முடிவு செய்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்ல யோசனைதான். என் 'இருக்குது'வும் நல்ல யோசனைதான். டீக்கடையில் நின்றுகொண்டும் கட்டைவிரல் போடலாம். பக்கத்தில் பார்க்காமலும் போடலாம். குரூப்பை வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் ஒரு தடவை எழுந்து நடங்கள். தோளில் கை வையுங்கள். தூங்குகிறவர் திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். கை வைத்தால் இன்னொன்றும் தெரியும்: யாருக்குக் காய்ச்சல், யார் அழுதிருக்கிறார்கள், யார் காலில் செருப்பு இல்லை. லிஸ்டில் அது வராது.

மற்ற இடங்களில் தோமையாரைச் சந்தேகக்காரர் என்று சொல்வார்கள். ஆண்டவர் உயிர்த்துவிட்டார் என்று பத்துப் பேர் சொன்னார்கள். காயத்தில் விரல் விட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றார் என்று ஒரு குறையாகச் சொல்வார்கள். நம் பஸ்ஸில் அப்படிச் சொல்ல விடாதீர்கள். தலை எண்ணுகிற வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் அந்தப் பன்னிரண்டு பேரில் இல்லை.

அவ்வளவுதான் எனக்குச் சொல்ல இருந்தது. "எழுதிட்டியாம்மா?" என்று பேத்தியைக் கேட்டேன்.

"எழுதிட்டேன் ஆயா. நீ சொன்னது எல்லாமே இருக்குது" என்றாள், போனைப் பார்த்தபடி.

"பேப்பரைப் பாக்காமலே 'இருக்குது'ன்னு சொல்றே பாரு! இவ்ளோ நேரம் யாருக்குச் சொன்னேன்? போனைக் கீழே வை. முதல் வரியிலேருந்து படி. நான் வெரலை மடக்கிக்கினு கேக்கறேன்."